நீட்டிய கையிலிருந்து தொடங்குங்கள்: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் பல கோணங்களில் திறனாய்வு செய்யும் முறை

அச்சமும் மர்மமும் நிறைந்த கோதிக் நாவல் பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கும் குறை ஒன்று உண்டு. பெண்ணியம் என்றால் என்ன என்று இரண்டு பக்கம், மார்க்சியம் என்றால் என்ன என்று இரண்டு பக்கம், உளப்பகுப்பாய்வுக்கு ஒரு பக்கம், நாவலுக்கு அரைப் பக்கம். படித்து முடித்ததும் கோட்பாடுகளின் பெயர்கள் நினைவிருக்கும். நாவலில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது நினைவிருக்காது.

கோட்பாட்டை நாவல்மேல் குத்தும் முத்திரையாக நினைப்பதால் வரும் வினை இது. அது ஒரு குறிப்பிட்ட பத்தியிடம் நாம் கேட்கும் கேள்வி. எனவே முதலில் பத்தி, பிறகு கேள்வி. இந்த வரிசையை மாற்றினால் கட்டுரை எழுதும் முன்பே அதன் முடிவு தெரிந்துவிடும்; படிப்பவருக்கும் அது தெரிந்துவிடும்.

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை வைத்தே முறையைப் பார்ப்போம். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் பிண உறுப்புகளைச் சேர்த்து ஓர் உயிரை உருவாக்கி, உடனே அதைக் கைவிட்டு ஓடும் கதை இது. பெயரில்லாத அந்த உயிரை இந்தக் கட்டுரை ‘படைக்கப்பட்டவன்’ என்கிறது. நாவல் சிறியது, மூலம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எந்தக் கோட்பாட்டைக் கொண்டுவந்தாலும் அதற்கு ஈடுகொடுக்கிறது. ஈடுகொடுக்காத இடங்களும் உண்டு. அவைதான் நமக்கு அதிகம் கற்றுத்தருபவை.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

இதைப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். 1818 ஜனவரியில் லண்டனில் ஆசிரியர் பெயர் இல்லாமல், மூன்று தொகுதிகளாக, 500 பிரதிகள் வெளிவந்தது முதல் பதிப்பு. 1831இல் மேரி ஷெல்லியே திருத்தி, புதிய முன்னுரை எழுதி, ஒரே தொகுதியாக வெளியிட்டது இன்னொன்று. கடைகளிலும் இணையத்திலும் இரண்டும் கலந்தே கிடைக்கின்றன. அட்டையில் 1818 என்று போட்டுவிட்டு உள்ளே 1831 பிரதியை வைத்திருப்பதும் உண்டு.

கண்டுபிடிப்பது எளிது. அத்தியாய எண் 1 முதல் 24 வரை தொடர்ச்சியாக ஓடினால் 1831. மூன்று தொகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 1இலிருந்து மறுபடி தொடங்கினால் (7, 9, 7 அத்தியாயங்கள்) 1818. ஒன்றில் படித்த இடத்தை மற்றதில் தேட ஒரு கணக்கு: முதல் தொகுதி அத்தியாய எண்ணோடு 1 கூட்டுங்கள், இரண்டாம் தொகுதிக்கு 8, மூன்றாம் தொகுதிக்கு 17. உயிர் கொடுக்கும் இரவு 1818இல் முதல் தொகுதி 4ஆம் அத்தியாயம். 1831இல் 5ஆம் அத்தியாயம். முதல் தொகுதியின் முதல் அத்தியாயம் மட்டும் 1831இல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கணக்கில் அந்த 1 வருவது அதனால்தான்.

ஏன் இவ்வளவு கவனம்? விக்டர் மணக்கும் எலிசபெத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1818இல் அவள் விக்டருடைய தந்தையின் தங்கை மகள். 1831இல் கோமோ ஏரிப் பக்கத்து ஏழைக் குடும்பம் ஒன்றில் வளரும் அநாதை. விக்டரின் தாய் அவளைக் கண்டு அழைத்துவருகிறாள். தமிழ் வாசகர் இங்கே சறுக்கிவிட வாய்ப்பு அதிகம். அத்தை மகளைக் கட்டுவது நமக்கு முறை, அதில் என்ன உறுத்தல் என்று கடந்துபோய்விடுவோம். ஆனால் நாவலுக்குள் அது உறுத்தலாகவே இருக்கிறது. ‘நீ அவளைத் தங்கையாகத்தான் பார்க்கிறாயோ என்னவோ’ என்று தந்தையே விக்டரிடம் கேட்கிறார். ஒரே வீட்டில் உடன்பிறந்தவர்கள்போல வளர்ந்தவர்கள். இந்தச் சாயலைக் குறைக்கவே 1831இல் இரத்த உறவு நீக்கப்பட்டது என்று பல திறனாய்வாளர்கள் வாசிக்கிறார்கள். உளப்பகுப்பாய்வு வழியில் எழுதுபவருக்கு எந்த எலிசபெத் என்பது உயிரான கேள்வி.

விக்டரின் நண்பன் கிளெர்வலும் மாறுகிறான். 1831இன் 19ஆம் அத்தியாயத்தில், அவன் இந்தியா செல்ல நினைப்பதும், ஐரோப்பியக் குடியேற்றத்துக்கும் வணிகத்துக்கும் தன் மொழியறிவால் உதவலாம் என்று நம்புவதும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 1818 பதிப்பை வைத்துக்கொண்டு இந்த வரியைத் தேடினால் கிடைக்காது. 1831 பிரதியிலிருந்து எடுத்துவிட்டு ‘1818இல் மேரி ஷெல்லி எழுதினார்’ என்று சொல்வது நேரடிப் பிழை.

யார் சொல்லக் கேட்கிறோம்?

ஒரு கதைக்குள் இன்னொரு கதை, அதற்குள் மற்றொன்று என்பது இந்நாவலின் அமைப்பு. வட துருவத்தை நோக்கிக் கப்பலில் போகும் வால்டன் தன் அக்கா மார்கரெட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். பனியில் மீட்கப்பட்ட விக்டர் வால்டனிடம் தன் கதையைச் சொல்கிறான். விக்டரின் கதைக்கு நடுவில், அவன் உருவாக்கியவன் தன் கதையைச் சொல்கிறான்.

முதல் வாசிப்பில் கோட்பாடு எதுவும் வேண்டாம். மூன்று நிறப் பென்சில் போதும். பக்க ஓரத்தில் யார் குரல் என்று கோடு போட்டுக்கொண்டே போங்கள். பெரும்பகுதி விக்டரின் நிறத்தில் இருக்கும். அவன் வாய்வழியாக மட்டுமே நமக்குத் தெரியவரும் செய்திகளைத் தனித்தாளில் குறியுங்கள். பிறகு கடைசி அத்தியாயத்துக்குப் போங்கள். வால்டன் குறிப்பெடுப்பதை அறிந்த விக்டர், அதை வாங்கிப் பார்த்துத் தன் கையாலேயே பல இடங்களில் திருத்தியும் கூட்டியும் கொடுக்கிறான். ஆக, நாம் படித்துக்கொண்டிருப்பது குற்றம் சாட்டப்பட்டவரே திருத்திக் கொடுத்த வாக்குமூலம். ‘படைக்கப்பட்டவன் இப்படிச் சொன்னான்’ என்று நாம் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு வரியும் விக்டரின் நினைவையும், வால்டனின் எழுத்தையும், மறுபடி விக்டரின் திருத்தத்தையும் கடந்து வந்தது.

இதை மறந்து எழுதினால் எந்த அணுகுமுறையும் பாதியில் நிற்கும். ‘அவன் அருவருப்பாக இருந்தான்’ என்று நீங்கள் எழுதக்கூடாது. ‘அருவருப்பாக இருந்தான் என்று விக்டர் சொல்கிறான்’ என்றுதான் எழுத வேண்டும். பார்வையற்ற முதியவர் டி லேசி அவனுடன் சில நிமிடம் பேசுகிறார். அவருக்கு அருவருப்பு எதுவும் தோன்றுவதில்லை.

ஒரு பத்தி

உயிர் கொடுத்த இரவு. விக்டர் அறையைவிட்டு ஓடிப் படுக்கையில் விழுகிறான், தூங்குகிறான். கனவில் எலிசபெத், அவன் படிக்கும் இங்கோல்ஸ்டாட் நகரத் தெருவில் நடந்துவருகிறாள். அணைத்து முத்தமிடுகிறான். அவள் உதடு சாவின் நிறம் கொள்கிறது, முகம் மாறுகிறது, கையில் இருப்பது இறந்துபோன தாயின் உடல். சவத்துணி மடிப்பில் புழு ஊர்கிறது. திடுக்கிட்டு விழிக்கிறான். நிலவின் மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில், கட்டில் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படைக்கப்பட்டவன் நிற்கிறான். வாய் திறக்கிறது, புரியாத ஒலி வருகிறது, கன்னம் ஒரு இளிப்பில் சுருங்குகிறது. பேசியிருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை என்கிறான் விக்டர். ஒரு கை நீள்கிறது, தன்னைப் பிடித்து நிறுத்தவோ என்று தோன்றுகிறது. விக்டர் தப்பி ஓடுகிறான்.

மூலத்தை எடுத்து இந்தப் பத்தியை நான்கைந்து முறை வாசியுங்கள். இளிப்பு என்பதைச் சிரிப்பு என்று படித்துப் பாருங்கள். புரியாத ஒலியை மழலை என்று படித்துப் பாருங்கள். கட்டில் அருகே வந்து, திரையை விலக்கி, சிரித்து, மழலை பேசி, கை நீட்டுவது யார்? பிறந்த குழந்தை. விக்டர் பயன்படுத்தும் ‘தோன்றுகிறது’ என்ற ஒரு சொல்தான் இந்தக் கையைத் தாக்க வந்த கையாக மாற்றுகிறது.

இனி நாவல் முழுக்க ‘கை’ வரும் இடங்களைத் திரட்டுங்கள். சாகும் தறுவாயில் தாய் விக்டரின் கையையும் எலிசபெத்தின் கையையும் சேர்த்து வைக்கிறாள். பனியாற்றருகே படைக்கப்பட்டவன் தன் கைகளால் விக்டரின் கண்களை மூடி, ‘உனக்கு வெறுப்பான காட்சியை மறைத்துவிட்டேன், இப்போது கேட்கலாமே’ என்கிறான். விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியம் அவனைக் கண்டதும் தன் கண்ணைக் கையால் மூடிக்கொள்கிறான். அந்தக் கையை அவன் இழுத்து விலக்குகிறான். டி லேசியின் கையைப் பற்றிக்கொண்டு கெஞ்சுகிறான். மணநாள் இரவில் சன்னலுக்கு வெளியே நின்று எலிசபெத்தின் உடலை விரல் நீட்டிக் காட்டுகிறான். கடைசியில் விக்டரின் சவப்பெட்டிமேல் குனிந்து நிற்கும்போதும், வால்டன் கண்ணில் படுவது பாடம் செய்த பிணத்தின் நிறத்தில் நீண்டிருக்கும் ஒரு பெரிய கை. தொடக்கத்தில் நீண்ட கை அங்கேதான் வந்து சேர்கிறது.

இந்தப் பட்டியலுக்கு ஒரு மாலை நேரம் ஆகும். கோட்பாடு எதுவும் இன்னும் வரவில்லை. ஆனால் இது இல்லாமல் கோட்பாட்டுக்குக் கால் ஊன்ற இடமில்லை.

உளப்பகுப்பாய்வு

கேள்வி: சொல்பவர் எதைச் சொல்லாமல் சொல்கிறார்? கனவு தயாராகக் கிடக்கிறது, ஆனால் கனவோடு நின்றுவிடாதீர்கள். தாய் இறந்தது எலிசபெத்துக்கு வந்த செங்காய்ச்சல் (scarlet fever) தொற்றி என்பதை முந்தைய அத்தியாயம் ஒன்றிலிருந்து கொண்டுவாருங்கள். அப்போதுதான் முத்தமும் பிணமும் ஏன் ஒரே உடலில் சேர்கின்றன என்பதற்குப் பிரதிக்குள்ளேயே காரணம் கிடைக்கும்.

இன்னும் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. ‘உன் மணநாள் இரவில் உன்னோடு இருப்பேன்’ என்று படைக்கப்பட்டவன் விடுக்கும் மிரட்டலை விக்டர் தன் உயிருக்கு வந்த ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறான். படைக்கப்பட்டவன் கேட்டு உருவாக்கத் தொடங்கிய பெண் துணையை, அவன் கண் முன்னே பிய்த்தெறிந்தவனுக்கு வந்த மிரட்டல் அது. இலக்கு எலிசபெத் என்பது முதல் முறை படிப்பவருக்கே தெரிகிறது. விக்டருக்கு ஏன் தெரியவில்லை? அவளைத் தனியே அறைக்கு அனுப்பிவிட்டுக் கைத்துப்பாக்கியோடு வேறிடத்தில் உலாவுகிறான். முன்பே ஓரிடத்தில் படைக்கப்பட்டவனை ‘கல்லறையிலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட என் சொந்த ஆவி’ என்கிறான். இந்த மூன்றையும் கோத்தால், படைக்கப்பட்டவன் விக்டரின் மறுபாதியான நிழலுரு, இரட்டை என்ற பேச்சுக்கு எடை வரும். 1919இல் வந்த ஃப்ராய்டின் ‘விசித்திர அச்சம்’ பற்றிய கட்டுரையை இங்கே ஒரு வரியில் சுட்டினால் போதும்.

இந்த வழியில் கெட்டுப்போகும் விதம் ஒன்றுதான்: நோயாளி மாறிவிடுவது. விக்டரைப் பற்றித் தொடங்கி மேரி ஷெல்லியின் மனநோய் பற்றி முடிப்பார்கள். அவர் நம் முன் படுத்துக் கனவு சொல்லவில்லை. அவர் எழுதிய பிரதி மட்டுமே நம்மிடம் இருக்கிறது.

பெண்ணியம்

இங்கே வாழ்க்கை வரலாறு பலமாக இழுக்கும். மேரி பிறந்தது 1797 ஆகஸ்ட் 30. தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் செப்டம்பர் 10இல் இறந்தார். 1815இல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. பதினைந்து நாள் போல கழிந்த பின், குழந்தை குளிரில் விறைத்துத்தான் கிடந்தது, கணப்பருகே தேய்த்ததும் உயிர் வந்தது என்று கனவு கண்டதாக அவர் நாட்குறிப்பில் எழுதினார். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பிறந்தது அடுத்த ஆண்டுக் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில். 1976இல் திறனாய்வாளர் எலன் மோர்ஸ் இந்நாவலைப் பிரசவத்தின் அச்சம் பேசும் கதையாக வாசித்தபோது, அதுவரை அறிவியல் ஆணவக் கதையாக மட்டும் பார்க்கப்பட்டது வேறொன்றாகத் தெரிந்தது.

வாழ்க்கைச் செய்தியைப் பயன்படுத்த ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தப் பத்திக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டலாம், சான்றாக நிற்கக்கூடாது. குழந்தை இறந்ததால் இப்படி எழுதினார் என்பதை நம்மால் நிறுவ முடியாது. தாயில்லாமல் ஓர் உயிர் உண்டாக்கப்படுகிறது, பிறந்த கணமே தந்தை ஓடுகிறான், அதற்கு முன்பே விக்டரின் தாய், அதன் பிறகு வேலைக்காரி ஜஸ்டின், பாதி உருவான பெண் துணை, எலிசபெத் என்று பெண்கள் வரிசையாக அழிகிறார்கள் என்பதை நிறுவ முடியும்.

மையமாக எடுக்க வேண்டிய பத்தி ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவில் நடப்பது (மூன்றாம் தொகுதி, 3ஆம் அத்தியாயம்). பெண் துணையை ஏன் அழிக்கிறான் என்பதற்கு விக்டர் சொல்லும் காரணங்களில் நான்கை எண்போட்டு எழுதிப் பாருங்கள். ஒன்று, அவள் பிறக்கும் முன் செய்த ஒப்பந்தத்துக்கு அவள் கட்டுப்பட மறுக்கலாம். இரண்டு, இருவரும் ஒருவரையொருவர் வெறுக்கலாம். மூன்று, அவள் அவனை விட்டு மனித அழகின் பக்கம் திரும்பலாம். நான்கு, பிள்ளைகள் பெறலாம். இவற்றில் எது குற்றம்? அவளுக்கென ஒரு மனம் இருக்கலாம் என்பதுதான் முதல் மூன்றின் பொருள். அவளுக்கென ஒரு கருப்பை இருக்கிறது என்பது நான்காவது. ஆணை உருவாக்கும்போது இவற்றில் ஒன்றுகூட விக்டருக்குத் தோன்றவில்லை. கருத்தரங்கில் ஒரு மணி நேரம் பேசினாலும் சொல்ல முடியாததை இந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

கடிதம் பெறும் மார்கரெட் சாவில் கடைசிவரை பேசுவதே இல்லை. முதல் கடிதம் டிசம்பர் 11, கடைசித் தேதி செப்டம்பர் 12. ஏறக்குறைய ஒன்பது மாதம். அழகான கணக்குதான். ஆனால் கட்டுரையில் அதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் தராதீர்கள். அதன்மேல் வாதத்தைக் கட்டினால் தாங்காது.

மார்க்சியம்

‘படைக்கப்பட்டவன் = பாட்டாளி, விக்டர் = முதலாளி.’ இத்தாலியத் திறனாய்வாளர் ஃப்ராங்கோ மொரெட்டி 1980களில் இந்தத் திசையில் வலுவாக எழுதினார். அவரைப் பின்பற்றுபவர்கள் பலர் இந்தச் சமன்பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். சமன்பாடு வந்த இடத்தில் வாசிப்பு முடிந்துவிடும். அவனுக்குக் கூலி இல்லை, ஆலை இல்லை, சக தொழிலாளி இல்லை; வர்க்கம் என்று சொல்ல இன்னொருவன்கூட இல்லை. ஒப்பீடு எங்கே உடைகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வாதம்.

நல்ல சான்றுகள் வேறிடத்தில் கிடக்கின்றன. டி லேசி வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருக்கும்போது, அவர்கள் உணவைத் திருடுவதை அவன் நிறுத்துகிறான். இரவில் காட்டுக்குப் போய் விறகு வெட்டி வாசலில் போடுகிறான். விடிந்ததும் குடும்பம் வியக்கிறது, ‘நல்ல தேவதை’ என்கிறது. உழைத்தவன் யாரென்று தெரியாதவரை அவன் தேவதை, உழைத்தவன் உருவம் தெரிந்ததும் டி லேசியின் மகன் ஃபெலிக்ஸ் தடியால் அடிக்கிறான். அதே கொட்டிலில்தான் சொத்துப் பங்கீடு, பெரும் செல்வம், கொடும் வறுமை, குலம், உயர் இரத்தம் என்பவற்றை அவன் காதால் கேட்டுக் கற்கிறான்.

ஜஸ்டினை விட்டுவிடாதீர்கள். ஜெனீவாவில் வேலைக்காரி என்றால் பிரான்சிலோ இங்கிலாந்திலோ இருப்பது போன்ற நிலை அல்ல, இங்கே குடியரசு என்று எலிசபெத் பெருமையாகக் கடிதம் எழுதுகிறாள். அடுத்த இரண்டு அத்தியாயங்களில், படைக்கப்பட்டவன் வில்லியமைக் கொன்ற பழி அந்த வேலைக்காரிமேல் விழுந்து, அவள் தூக்கில் தொங்குகிறாள். பாவமன்னிப்புப் பாதிரி நரகத்தைக் காட்டி மிரட்டிப் பொய் வாக்குமூலம் வாங்குகிறார். உண்மை தெரிந்த எசமானர் மகன் வாய் திறக்கவில்லை. கடிதத்தையும் விசாரணையையும் பக்கம் பக்கமாக வைத்தாலே போதும்.

வரலாற்றுப் பின்னணியாக இயந்திர உடைப்புக் கலகங்களைச் சொல்லலாம்: 1811 முதல் நெசவுத் தொழிலாளர் தறிகளை உடைத்தார்கள்; 1812 பிப்ரவரியில் கவிஞர் பைரன் பிரபுக்கள் அவையில் அவர்களுக்காகப் பேசினார்; 1816இல் அதே பைரன் ஏரிக்கரையில், இந்நாவலுக்கு வித்திட்ட பேய்க்கதைப் போட்டியை முன்மொழிந்தார். இது சூழல். நாவலில் தறி உடைப்பு எங்கும் இல்லை என்பதை மறைக்காதீர்கள்.

பின்காலனியம்

கேள்வி: ஐரோப்பா பிற இனத்தாரை எப்படிப் பார்த்தது? நான்காம் கடிதத்தில் வால்டனின் ஒரு வாக்கியத்தில் தொடங்குங்கள். பனியில் முதலில் கண்ட பேருருவத்தைப் பற்றியும், மறுநாள் மீட்ட விக்டரைப் பற்றியும் சொல்லும்போது, இவன் அந்த இன்னொரு பயணியைப்போல ஏதோ அறியாத தீவின் காட்டுமனிதன் அல்ல, ஐரோப்பியன் என்கிறான். படைக்கப்பட்டவனைப் பற்றி நாவல் தரும் முதல் விளக்கமே இனத்தைக் கொண்டுதான் வருகிறது. மஞ்சள் தோல், மினுமினுக்கும் கருங்கூந்தல், கரிய நேர் உதடு என்ற விக்டரின் வருணனை அதன் பிறகே வரும். உறுப்புகள் வந்த இடமோ இங்கோல்ஸ்டாட்டின் அறுவைக்கூடமும் இறைச்சிக்கூடமும்.

வெளியுலகச் சான்றும் உண்டு. 1824 மார்ச்சில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் பற்றிய விவாதத்தில், அமைச்சர் ஜார்ஜ் கேனிங் உடனடி விடுதலையை இந்நாவலின் படைப்போடு ஒப்பிட்டு எச்சரித்தார். உடல் வலிமை உண்டு, அறிவு முதிரவில்லை என்பது அவர் வாதம். நாவலில் கவிஞர் மில்டனைப் படிப்பவனை அவர் மறந்துவிட்டார். நாவலுக்கும் அதை அரசியல் எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கும் உள்ள இந்த இடைவெளியே ஒரு முழுக் கட்டுரைக்கான பொருள். திறனாய்வாளர் காயத்ரி ஸ்பிவக் 1985இல் எழுதிய, ‘ஜேன் அயர்’ நாவலோடு இதையும் சேர்த்துப் பார்க்கும் கட்டுரையை இந்த வழியில் போகிறவர்கள் படித்தாக வேண்டும்.

அறிவியல் வரலாற்று அணுகுமுறைக்கு ஒரே எச்சரிக்கை. இத்தாலிய அறிவியலாளர் ஆல்டினி 1803இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டியது உண்மை. ஆனால் விக்டர் எப்படி உயிர் கொடுத்தான் என்று நாவல் சொல்வதில்லை. ‘பொறி’ என்ற சொல் வருகிறது, அவ்வளவே. மின்னல் இறங்கும் கோபுரம், கூனல் உதவியாளன், பேசத் தெரியாத பூதம் எல்லாம் 1931 திரைப்படத்தின் சொத்து. நாவலில் அது ஒரு வீட்டின் மாடி அறை. அவன் தனியாளாக வேலை செய்கிறான்.

இரண்டு வாசிப்புகளை மோதவிடுங்கள்

ஒவ்வொரு அணுகுமுறைக்கும் ஒரு பத்தி ஒதுக்கி வரிசையாக அடுக்குவது அட்டவணை. அது திறனாய்வு ஆகாது. இரண்டு வாசிப்புகள் ஒரே பாத்திரத்தில் சண்டை போடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இந்நாவலில் அந்த இடம் சாஃபி, ஃபெலிக்ஸ் காதலிக்கும் துருக்கி வணிகரின் மகள்.

பெண்ணியம் அவளைக் கொண்டாடும். தந்தையின் கட்டளையை மீறி நாடு கடந்து வருகிறாள். பெண்ணுக்கு அறிவு வேண்டும் என்று அவள் தாய் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். விக்டரைச் சுற்றியுள்ள பெண்கள் சாகிறார்கள், இவள் பிழைக்கிறாள். பின்காலனியம் அவளிடமே நின்று கேட்கும்: விடுதலை என்றால் ஏன் கிறித்துவமும் ஐரோப்பாவும் மட்டும்? அவள் தந்தைக்குப் பெயரே இல்லை. ‘துருக்கியன்’ என்பதுதான் பெயர். அவரைச் சிறையில் தள்ளியது மதமும் செல்வமும் தான் என்று நாவல் பாரிசைக் குறை சொல்கிறது. பின்பு அவரையே நன்றிகெட்டவராகவும் காட்டுகிறது.

மேலும் அருகில் போங்கள். ஃபெலிக்ஸ் சாஃபிக்கு மொழி கற்பிக்கிறான். சுவருக்கு இந்தப் பக்கம் இன்னொரு மாணவன், அதே பாடம். அரபுப் பெண்ணைவிடத் தான் வேகமாகக் கற்றதாக அவன் பெருமைப்படுகிறான். அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதியைப் படிக்கும்போது சாஃபியோடு சேர்ந்து அவனும் அழுகிறான். ஒரே பாடம், ஒரே கண்ணீர். ஒருத்திக்கு வீடு, ஒருவனுக்குத் தடியடி. பெண் என்பதா, அழகு என்பதா, மதம் என்பதா, எது அவளை உள்ளே விட்டது? உங்கள் கட்டுரை பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

எழுதும்போது

2000 சொல் கட்டுரைக்கு ஓரளவு நம்பகமான பங்கீடு: தொடக்கமும் வாதமும் 200, பதிப்பும் பத்தியின் இடமும் 150, நுண்வாசிப்பு 500, முதல் அணுகுமுறை 400, இரண்டாவது 400, மோதல் 350. மூன்று அணுகுமுறைகளை இந்த அளவுக்குள் அடக்காதீர்கள், மூன்றும் மேலோட்டமாகிவிடும். கோட்பாட்டு விளக்கத்துக்கு மொத்தம் 150 சொல்லுக்கு மேல் வேண்டாம், அதுவும் பத்திக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும்.

வாத வாக்கியம் மறுக்கத்தக்கதாக இருக்க வேண்டும். ‘இந்நாவலைப் பெண்ணிய நோக்கில் ஆராயலாம்’ என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை, அதனால் அது வாதமில்லை. ‘சாஃபிக்குக் கிடைக்கும் விடுதலையின் விலையை அவள் தந்தையும், சுவருக்கு அப்பால் இருப்பவனும் செலுத்துகிறார்கள்’ என்று எழுதினால் எதிர்க்க ஆள் வருவார்கள். அந்த எதிர்ப்பை நீங்களே முன்கூட்டி ஒரு பத்தியில் சொல்லிவிட்டு அதற்குப் பதில் தேடுங்கள்.

மேற்கோள் மூன்று நான்கு வரியைத் தாண்ட வேண்டாம். தமிழில் எழுதினால் மூலத்தை நீங்களே பெயர்த்து, தொகுதி, அத்தியாய எண் கொடுங்கள். பெயர்க்கும்போது ‘தோன்றுகிறது’ போன்ற சிறு சொல் உதிர்ந்துவிட்டால் வாதமே உதிர்ந்துவிடும்.

தமிழில் எழுதுபவருக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது. அவனா, அதுவா? ஆங்கிலத்தில் பல வாக்கியங்களை இதைத் தொடாமலே கடந்துவிடலாம். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றும் உயர்திணையா அஃறிணையா என்று முடிவு கேட்கும்: வந்தானா, வந்ததா? நாவலும் இங்கே ஊசலாடுகிறது. கண் திறக்கும் கணத்தில் விக்டருக்கு அது ‘அது’. மூச்சு விடுகிறது, அதன் உறுப்புகள் துடிக்கின்றன. அடுத்த பத்தியிலேயே ‘அவனுடைய’ உறுப்புகள், ‘அவனுடைய’ அழகுக்காகத் தேர்ந்த அம்சங்கள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் மறுபடி ஒரு ‘பொருள்’. சில பத்திகளுக்குள் இரண்டு மாற்றம்.

ஆகவே இரண்டு திணைகளையும் கைதவறிக் கலக்காதீர்கள். உங்கள் குரலில் பேசும்போது ஒன்றைத் தேர்ந்து, முதல் பத்தியிலேயே காரணம் சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டுரை ‘படைக்கப்பட்டவன்’ என்று எழுதியது, அவன் தன் கதையைத் தானே சொல்லும் ஆறு அத்தியாயங்கள் நாவலின் நடுவில் இருப்பதால். விக்டரின் குரலைப் பெயர்க்கும்போது மட்டும் அவன் வைத்த இடத்தில் ‘அது’ வரட்டும். பிறகு வரைவை அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து, அவனைப் பற்றிய ஒவ்வொரு வினைமுற்றின் விகுதியையும் வட்டமிட்டுச் சரிபாருங்கள்.